சட்டத்தில் ஏறிய ஒரு வியாதியின் பெயர்

(திண்டுக்கல்லில் நடந்த மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகைக்கு வரும்போது புதிய கட்டிடம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எத்தனை கட்டில்கள் கூடியிருக்கின்றன, உங்கள் காணிக்கை எப்படிச் செலவாயிற்று என்று அறியவே நீங்கள் பெரும்பாலும் வருகிறீர்கள். அந்தக் கணக்குகளை அறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்று உங்களோடு ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஒரு வியாதியின் பெயர் நம் நாட்டுச் சட்டத்தில் ஏறுவதற்கு 64 ஆண்டுகள் சென்றன. ஏறிய பிறகும் அந்தப் பெயர் பொதுஜனங்களின் காதுக்கு வந்து சேரவில்லை. அதைச் சேர்ப்பிக்கிற வேலையில் எங்களுக்கும் பங்கு உண்டு, உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லவே நிற்கிறோம்.

அந்த வியாதியின் பெயர் அரிவாள் செல் சோகை. சிக்கிள் செல் அனீமியா என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

இரத்தத்தில் நடப்பது என்ன?

நம் சரீரத்தில் ஓடுகிற சிவப்பணு வட்டமானது, நடுவில் சற்றுக் குழிந்தது, மிருதுவானது. எவ்வளவு நுண்ணிய இரத்தக் குழாயானாலும் வளைந்து நெளிந்து அப்பால் போய்விடும். அதற்குள் இருக்கிற ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. ஹீமோகுளோபின் சங்கிலி போலக் கோக்கப்பட்டது. அதில் ஒரு வகைச் சங்கிலிக்கு 146 கண்ணிகள். அவற்றில் ஆறாவது கண்ணி ஒன்று மட்டும் மாறிப் பிறந்துவிட்டால் போதும். பிராணவாயு குறைகிற சமயத்தில் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடுகிறது.

சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாளான அணு 10 முதல் 20 நாளில் சிதைந்துபோகிறது. அதனால் சோகை. வளைந்த அணுக்கள் சிறு குழாய்களில் சிக்கி ஓட்டத்தை அடைத்துவிடுகின்றன. அதனால் வலி. கை கால் எலும்பிலும் முதுகிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் வருகிற அந்த வலி சில மணி நேரமும் இருக்கும், சில நாட்களும் இருக்கும். கைக்குழந்தைகளுக்குக் கைவிரலும் பாதமும் வீங்கும். மண்ணீரல் சிறுவயதிலேயே கெட்டுப்போவதால் நிமோனியா போன்ற தொற்றுகள் வேகமாய் உயிரைக் குடிக்கும். சில பிள்ளைகளுக்குப் பக்கவாதமும் வருகிறது.

தண்ணீர் குடிப்பது குறைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அளவுக்கு மீறி உழைத்தாலும், குளிரில் நடுங்கினாலும் இந்த வலி கிளம்பும். வெளியிலோ காயம் இல்லை, கட்டு இல்லை. நேற்று ஓடி விளையாடிய பிள்ளை இன்று பாயில் சுருண்டு கிடக்கிறது. மூன்று நாள் கழித்து மறுபடியும் பள்ளிக்கு வருகிறது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "சோம்பேறி", "பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போடுகிறான்", "வேலைக்கு ஆகாதவள்." இந்த வியாதியில் வலிக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளை வாட்டுவது இந்தப் பேச்சுத்தான்.

சோகை என்றதும் இரும்புச் சத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவது நம் வழக்கம். இது இரும்புச் சத்துக் குறைவினால் வருகிற சோகை அல்ல. அந்த மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது. அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்குச் சரீரத்தில் இரும்பு தேங்கிக் கெடுதலும் செய்யும். ஆகையால் சரியான இரத்தப் பரிசோதனை அவசியம்.

தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும்

இது ஒட்டிக்கொள்கிற வியாதி அல்ல. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று மாறிய மரபுக்கூறு இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளைக்கு வியாதி. ஒன்று மட்டும் வந்தவர் கேரியர், அதாவது சுமப்பவர். அவர் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நம்மைப் போலவே உழைத்து வாழ்கிறவர். இரண்டு கேரியர்கள் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளைக்கு வியாதி வர வாய்ப்பு. நான்கில் இரண்டு பங்கு பிள்ளை கேரியராக இருக்க வாய்ப்பு. நான்கில் ஒரு பங்கு முற்றிலும் நீங்கலாய்ப் பிறக்க வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு முதலிலிருந்தே தொடங்குகிறது.

இப்படிப்பட்ட மரபுக்கூறு ஏன் அழியாமல் நின்றது? மலேரியாதான் காரணம். ஒரு மரபுக்கூறை மட்டும் சுமக்கிறவர்களைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை 1954-ல் அந்தோனி அல்லிசன் என்ற மருத்துவர் ஆப்பிரிக்காவில் எடுத்துக் காட்டினார். மலேரியா மிகுந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை அது காத்தது. அந்தக் காவலுக்கு விலையாகச் சில பிள்ளைகளுக்கு வியாதி வந்தது. எனவே இதில் எந்தக் குடும்பத்தின் பாவமும் இல்லை, எந்த ஜாதியின் குறையும் இல்லை.

சமவெளிக்கு இதில் என்ன?

"இது மலைவாசிகளின் வியாதி. திண்டுக்கல் சமவெளியில் நமக்கு என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு பதில்கள் சொல்கிறோம்.

முதலாவது, மரபுக்கூறு மலையடிவாரத்தில் நின்றுவிடுவதில்லை. வயநாட்டில் பழங்குடியினர் அல்லாத வயநாடன் செட்டி சமுதாயத்திலும் இந்த வியாதி காணப்படுகிறது. உறவுக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கிற எந்தச் சமுதாயத்திலும், ஒரே மரபுக்கூறைச் சுமக்கிற இருவர் கணவன் மனைவியாக நேருவது எளிது. அக்காள் மகள், மாமன் மகள் என்று மணம் பேசுகிற நமக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளை நினைத்துப் பாருங்கள். இன்று அங்கே கதிர் சுற்றுகிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த வாலிபரும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேற்கு ஒடிசாவும் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அரிவாள் செல் மிகுதியாய்க் காணப்படுகிற பகுதிகள். இரவு ஷிப்டு, ஆலையின் வெக்கை, நின்றுகொண்டே வேலை, தண்ணீர் குடிக்கப் போகவும் நேரமில்லாத அவசரம் ஆகிய யாவும் இந்த வலியைக் கிளப்பக்கூடியவை. அப்படி ஒரு பெண் ஹாஸ்டலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், தன் வலியைத் தமிழில் சொல்லத் தெரியாது. சொன்னாலும் சூப்பர்வைசருக்கு அந்த வியாதியின் பெயர் தெரியாது. பக்கத்துக் கிளினிக்கில் வலி ஊசி ஒன்று போட்டு மறுநாளே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். விடுமுறை நாளில் எல்லாரையும் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனால், அந்தக் குளிர்கூட அவளைப் படுக்கையில் தள்ளலாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. அறியாமையே போதுமானதாயிருக்கிறது.

அறுபத்து நான்கு ஆண்டுகள்

1910-ல் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் அரிவாள் வடிவ அணுக்களை முதன்முதலில் விவரித்து எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி, இது ஒரு மூலக்கூறின் வியாதி என்று தம் கூட்டாளிகளோடு நிரூபித்தார். இந்தியாவில் இதை முதலில் கண்டது எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டு நீலகிரியில். 1952-ல் ஹெர்மன் லெமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில் இதைக் கண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது.

கண்டவர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் யாருடைய இரத்தத்தில் கண்டார்களோ அந்தப் பணியரும் இருளரும் குறும்பரும் தங்கள் பிள்ளைகளின் வலிக்குப் பெயர் தெரியாமலே பல்லாண்டுகள் இருந்தார்கள். 1990-ல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கிய அஸ்வினி போன்ற அமைப்புகள், ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து, கிராமம் கிராமமாகப் போய் இந்த வியாதிக்காரரைத் தேடிப் பராமரித்தன. வியாதியைப் பற்றிய அறிவை ஜனங்களின் சொந்த மொழியில், அவர்களின் சொந்தப் பிள்ளைகளின் வாயினாலேயே கொண்டுசேர்த்த வேலை அது.

அரசாங்க ஏட்டிலோ இடம் கிடைக்கவில்லை. 1995-ல் நாடாளுமன்றம் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம் ஏழு குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. இரத்த வியாதி எதுவும் அதில் இல்லை. 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்த ஏழை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவற்றோடு அரிவாள் செல் வியாதியும் அதன் அட்டவணையில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. 1952-லிருந்து 2016 வரை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன தருகிறது?

பெயர் ஏறியதால் என்ன பயன்? பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், 6 முதல் 18 வயது வரை பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமையாகிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய 5 சதவீத இடங்களில் அந்தப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டிய கடமை தனியார் நிறுவனங்களுக்கும் இருக்கிறது. நூற்பாலையும் ஒரு நிறுவனம்தான்.

சட்டம் இதோடு நிற்கவில்லை. அதன் 25-வது பிரிவு, பிள்ளைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து ஆபத்துக்குள்ளானவர்களைக் கண்டறிய வேண்டும் என்கிறது. பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், அங்கன்வாடி ஊழியர்கள் மூலமாகவும், வானொலி, தொலைக்காட்சி மூலமாகவும் ஜனங்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. 39-வது பிரிவு, விழிப்புணர்வுப் பிரசாரங்களை நடத்துவதை அரசாங்கத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. இதைக் கவனியுங்கள். ஜனங்களுக்குத் தெரியப்படுத்துவது ஒரு தர்மகாரியமாக விடப்படவில்லை. அது சட்டப்படி செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

சட்டத்தில் ஒரு குறையும் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம் ஒதுக்குகிற 34-வது பிரிவில் பார்வை, செவி, கைகால், மனவளர்ச்சி, மனநலம் சார்ந்த குறைபாடுகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரத்த வியாதிகள் அந்த வரிசையில் இல்லை. ஆகவே அரிவாள் செல் வியாதியுள்ள பிள்ளை இந்தச் சட்டத்தின் கைபிடித்துக் கல்லூரி வரை போகலாம். பட்டம் வாங்கி வெளியே வந்து அரசு வேலைக்கு மனுப்போடும் நாளில், அந்தக் கை விடுபட்டுப்போகிறது. இந்த வரிசையைத் திருத்தும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. நம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்களிடத்தில் அதை வைக்கலாம்.

அவசரச் சட்டம் செய்த தீங்கு

சட்டம் வந்தால் எல்லாம் நல்லதாகவே முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே இந்த வியாதி பெரும்பாலும் கறுப்பின மக்களிடையே காணப்பட்டது. வெகுகாலம் யாரும் அக்கறை கொள்ளவில்லை. 1970-ஐ ஒட்டி அவர்கள் குரல் எழுப்பினார்கள். பல மாநிலங்கள் அவசர அவசரமாகச் சட்டம் போட்டன. பள்ளியில் சேரவும் திருமண அனுமதி பெறவும் இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று சில மாநிலங்களில் ஆனது. நல்ல எண்ணந்தான். ஆனால் கேரியர் யார், வியாதிக்காரர் யார் என்ற வித்தியாசம் ஜனங்களுக்கும் விளங்கவில்லை, சட்டம் எழுதியவர்களில் சிலருக்கே விளங்கவில்லை. ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. கண்டுபிடித்த பிறகு கொடுக்கத் தக்க சிகிச்சையும் அன்று அதிகம் இல்லை. ஆரோக்கியமாக இருந்த கேரியர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி 1981 வரை கேரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

1972 மே மாதத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட தேசிய அரிவாள் செல் சோகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், இந்தத் தவறுகளைக் கண்டு எழுதப்பட்டது. அதன்கீழ் நிதி பெறும் திட்டங்களில் பரிசோதனை அவரவர் விருப்பத்தின்பேரில் இருக்க வேண்டும், முடிவு இரகசியமாகக் காக்கப்பட வேண்டும், ஆலோசனையும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று வைத்தார்கள். ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கினார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தினமும் பென்சிலின் மருந்து கொடுத்தால் கொடிய தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகுதான் பிறந்த குழந்தையைப் பரிசோதிப்பதற்கு முழு அர்த்தம் வந்தது. 2006-க்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் அதைச் செய்யத் தொடங்கின.

பரிசோதனைக்கு முன்னே விளக்கமும், பின்னே சிகிச்சையும் இருந்தால் அது ஜனங்களைக் காக்கும். வெறும் பரிசோதனை மட்டும் வந்தால் முத்திரை குத்துகிற வேலையாக முடியும். இதுதான் அங்கே கற்ற பாடம்.

இப்போது நம் நாட்டில்

2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்து ஷாஹ்டோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் இதை ஒழிப்பதும் நோக்கம். 2025-ஆம் ஆண்டின் நடுவிற்குள் 6 கோடிக்கு மேற்பட்டவர்கள் பரிசோதிக்கப்பட்டுவிட்டார்கள். இது பெரிய வேலை, மனதாரப் பாராட்டுகிறோம்.

பரிசோதித்தவர்களுக்கு அவர்களின் இரத்த நிலையைக் காட்டுகிற அட்டை ஒன்று கொடுக்கப்படுகிறது. மணம் பேசுமுன் இரு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது எண்ணம். ஜாதகம் பார்க்கிற நம் நாட்டில் இது சுலபமாய்ப் புரியும். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைத் தள்ளிவைத்த வழக்கம், அட்டையில் கேரியர் என்று பார்த்ததும் மறுபடி தலைதூக்கலாம். கேரியரான ஒரு பெண் கேரியர் அல்லாத ஒருவரை மணந்தால் இந்த வியாதியுள்ள பிள்ளை பிறக்காது. அட்டை சொல்கிற செய்தி அவ்வளவுதான். அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத ஊரில், "அந்தக் குடும்பத்து இரத்தமே கெட்டது" என்ற பேச்சாக அது மாறிவிடும். "ஒழிப்பு" என்கிற வார்த்தையை வியாதியோடு வாழ்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அவர்கள் வாழக்கூடியவர்கள். நிறையத் தண்ணீர், ஃபோலிக் அமில மாத்திரை, தடுப்பூசி, சிறுவயதில் பென்சிலின், வலி அடிக்கடி வருகிறவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஹைட்ராக்ஸியூரியா, காய்ச்சல் வந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரி ஆகிய இவற்றைக் கொண்டே மிகுதியான துன்பத்தைத் தவிர்க்கலாம். மரபுக்கூறையே திருத்துகிற புதிய சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதன் விலை 22 லட்சம் டாலர். அது நம் ஜனங்களுக்கு வந்து சேர வெகுநாள் ஆகும். மாத்திரையும் தண்ணீரும் இன்றே கைக்கெட்டும்.

உங்களிடம் கேட்பது

காணிக்கையை ஏற்கெனவே தாராளமாய்க் கொடுக்கிறீர்கள். இன்று நாங்கள் கேட்பது உங்கள் வாயையும் காலையும்.

உங்களில் ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு, அவர்கள் பேசுகிற மொழியில் இந்த வியாதியைப் பற்றி ஒரு தாள் எழுதி ஹாஸ்டலில் ஒட்டுங்கள். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க அனுமதியுங்கள். பரிசோதனையை வேலைக்குச் சேர்க்கும் நிபந்தனையாக மட்டும் ஒருபோதும் ஆக்காதேயுங்கள். உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அடிக்கடி கை கால் வலி என்று விடுப்பு எடுக்கிற, கண் மஞ்சளாயிருக்கிற பிள்ளையை அடிக்குமுன் ஒரு பரிசோதனைக்கு அனுப்புங்கள். மணம் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறீர்கள். கேரியர் என்றால் வியாதிக்காரர் அல்ல என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் சத்தமாய்ச் சொல்லுங்கள்.

சான்று தேவைப்படுகிற குடும்பம் ஒன்றை அறிந்தால், அவர்களைத் தனியே அனுப்பாதேயுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். அரசு மருத்துவமனைக்கும் கூடப் போங்கள். 2022 ஜனவரி 12-ஆம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று, நீலகிரியும் ஒன்று. 1952-ல் இந்த வியாதி கண்டறியப்பட்ட மலைக்கும் நம் ஊருக்கும் அப்படி ஓர் உறவு ஏற்பட்டிருக்கிறது. அங்கே நெடுநாளாய் அறிந்துவைத்திருப்பதை இங்கேயும் அறிந்துகொள்வது கடினமல்ல.

மேசையில் சட்டத்தின் அந்த இரண்டு பிரிவுகளையும் எளிய தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது நீங்கள் நாளை சந்திக்கப் போகிற ஓர் ஆசிரியருக்கோ மேலாளருக்கோ.